கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிறீர்களா? எதை முதலில் முடிக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது இங்கே எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் இ.பி.யில், கோலாலம்பூருக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழி, சாப்பாடு, வெயில் எதுவும் நமக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் காகிதங்களில்தான். பேங்கில் வீட்டு முகவரி கேட்பார்கள், வீட்டுக்காரர் பேங்க் வழியாகப் பணம் கேட்பார், இரண்டு பேருமே பாஸைக் கேட்பார்கள், பாஸ் கம்பெனியின் எச்.ஆர். கையில் இருக்கும். இந்த வரிசை தெரியாமல் வந்ததால் முதல் சில மாதங்கள் லீவும் பணமும் நிறையவே கரைந்துபோவதை என் விஷயத்திலும் எனக்குப் பின் வந்த நண்பர்கள் விஷயத்திலும் பார்த்துவிட்டேன். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

முதலில் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து அதில் 'ஈ.சி.ஆர்.' (குடியேற்றச் சோதனை தேவை) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்காகப் போகிறவர்களுக்கு இந்திய அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைக்காமல் விட்டிருந்தால், இன்ஜினியரிங் முடித்தவர் பாஸ்போர்ட்டில்கூட ஈ.சி.ஆர். இருக்கும். அப்படியே கிளம்பினால் சென்னையிலோ திருச்சியிலோ ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆஃபர் கடிதம் வந்த அன்றே இதைப் பார்த்தால் சான்றிதழை வைத்து பாஸ்போர்ட்டை மாற்றி வாங்க நேரம் இருக்கும். பாஸ்போர்ட் காலாவதி தேதியையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றரை வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டே விண்ணப்பிப்பது நல்லது, ஏனென்றால் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி இ.பி. கிடைக்காது.

மனைவி அல்லது கணவன், பிள்ளைகளைக் கூட்டி வருவதாக இருந்தால் திருமணப் பதிவுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் செல்லாது. கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம், இங்கே வந்தபிறகு அதற்காகவே டிக்கெட் போட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், எந்த மாதிரி அட்டெஸ்டேஷன் வேண்டும் என்ற விவரமும் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரிலேயே முடித்துவிடுங்கள். டிபென்டன்ட் பாஸில் வரும் துணைவர் தனி அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பதையும் குடும்பக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் இந்திய சிம் கார்டு. அதை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். ஊர் பேங்க், வருமான வரி, ஆதார் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று கிளம்பும் முன்பே சிம் கம்பெனியிடம் கேட்டு வசதியைத் திறந்துவிட்டு, எண் செயலிழக்காத அளவுக்குக் குறைந்த ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள். வெளிநாட்டில் குடியிருக்கிறவர் ஆனபின் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் குடியிருக்கிறவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும் என்பதும் விதி. கிளைக்கு நேரில் போய் அந்தப் படிவத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டு வந்துவிட்டால் பிறகு கூரியர் அலைச்சல் இல்லை.

2. பெயர்

இது நம் ஆட்களுக்கு அதிகமாக வரும் பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்கு குடும்பப் பெயர் கிடையாது. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சர்நேம்' இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும், சிலருக்கு இனிஷியல் பாதி விரிந்தும் பாதி விரியாமலும் இருக்கும். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. இந்தியாவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே ஒரு பெயர் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்திலேயே கோப்பு நின்றுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருப்பதை, அதே எழுத்துக்களில், ஒரே வரிசையில், எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆஃபர் கடிதம், விமான டிக்கெட், இ.பி. விண்ணப்பம், பேங்க் கணக்கு, வாடகை ஒப்பந்தம், டச் அண்ட் கோ வாலட் (போனில் பணம் கட்டும் செயலி) என எதுவும் விதிவிலக்கு இல்லை. எச்.ஆர். மென்பொருளில் உங்கள் அப்பா பெயர் முன்னால் வந்து, பேங்கில் பின்னால் வந்தால் முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போகும் வாய்ப்பு உண்டு. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) என்று இருக்கும். கவுன்டரில் இருப்பவர் பழக்கத்தில் உங்களுக்கும் அதைச் சேர்த்துவிடுவார். கையெழுத்துப் போடும் முன் பார்த்து, மரியாதையாகத் திருத்தச் சொல்லுங்கள்.

3. விசாவும் இறங்கும் நாளும்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரும் சலுகை இருக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. அதில் நுழைந்து அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வது சட்டப்படி குற்றம், பிடிபட்டால் பாதிக்கப்படுவது நீங்கள். "இப்போதைக்கு வந்துவிடுங்கள், பாஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இ.பி. ஒப்புதல் கடிதம் கைக்கு வந்து, எந்த விசாவில் நுழைய வேண்டும் என்பதைக் கம்பெனி எழுத்தில் சொன்ன பிறகே டிக்கெட் போடுங்கள்.

வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டை இணையத்தில் நிரப்ப வேண்டும். எம்.டி.ஏ.சி. என்பார்கள். இது இலவசம். தேடினால் முதலில் வரும் பக்கங்களில் சில, இதற்கு டாலரில் பணம் கேட்கும். அவை அரசின் பக்கங்கள் அல்ல. மலேசியக் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் மட்டும் நிரப்புங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, தன் மகனுக்குக் கொடுத்துவிடச் சொல்லித் தரும் பார்சலை நீங்களே பிரித்துப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டி எடுத்து வாருங்கள். தெரியாதவர் தருவதை வாங்கவே வேண்டாம். இங்கே போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது, "எனக்குத் தெரியாது" என்ற பதிலை வைத்துத் தப்ப முடியாது. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு கொண்டு வாருங்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து நகரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட், சுமார் அரை மணி நேரத்தில் கொண்டுவந்துவிடும். பஸ் அதைவிட மிகவும் மலிவு. இரண்டு பேராக, பெட்டிகளோடு வந்தால் கிராப் (செயலியில் கூப்பிடும் டாக்ஸி) எடுப்பதுதான் நல்லது. சிம் கார்டு ஏர்போர்ட்டிலேயே ப்ரீபெய்டாக வாங்கிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் காட்டினால் போதும். அந்த எண்ணை மாற்றாதீர்கள், பேங்க் முதல் வரி வரை எல்லாம் அதில்தான் ஏறப் போகிறது. போஸ்ட்பெய்டுக்கு வெளிநாட்டவரிடம் டெபாசிட் கேட்பார்கள், அவசரமில்லை.

4. பாஸும் பாஸ்போர்ட்டும்

முன்பு பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், இப்போது இ-பாஸ் என்று மின்னணு வடிவில் வருகிறது. அது வந்தவுடன் எச்.ஆரிடம் கேட்டு உங்களுக்கும் ஒரு பிரதி வாங்கி, அச்செடுத்து, போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், முடியும் தேதி மூன்றையும் அன்றே சரிபாருங்கள். வெளியே போகும்போது பாஸ்போர்ட் விவரம் கையில் இருக்கட்டும். சோதனை நடக்கும்போது வெளிநாட்டவர் அடையாளத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். பாஸ் வேலைக்காகப் பாஸ்போர்ட்டை சில நாட்கள் கம்பெனி வாங்கலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். "பாதுகாப்புக்காக எங்களிடமே இருக்கட்டும்" என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம். கொடுக்கும்போது ஒரு மின்னஞ்சல் அனுப்பி, என்றைக்குக் கொடுத்தீர்கள், என்றைக்குத் திரும்ப வரும் என்று பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பேங்க் கணக்கு

இ-பாஸ் வந்த மறுநாளே இதற்குப் போங்கள். மேபேங்க், சி.ஐ.எம்.பி., பப்ளிக் பேங்க், ஹோங் லியோங் என்று பெரிய பேங்குகள் எல்லாத் தெருவிலும் உண்டு, எது என்பதைவிட எந்தக் கிளை என்பதுதான் முக்கியம். கம்பெனி கணக்கு வைத்திருக்கும் பேங்கில், அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளைக்கே போங்கள். ஒரே பேங்கின் இரண்டு கிளைகள் இரண்டு விதமாகக் காகிதம் கேட்கும். 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று பொதுவாக எழுதிய கம்பெனிக் கடிதத்தை நான் போன ஒரு கிளையில் ஏற்கவில்லை, கிளையின் பெயர் போட்டு எழுதி வரச் சொன்னார்கள். அதனால் எச்.ஆரிடம் கிளைப் பெயர், உங்கள் பதவி, சம்பளம், பாஸ்போர்ட் எண், இப்போது தங்கியிருக்கும் முகவரி எல்லாம் இருக்கும்படி கடிதம் கேளுங்கள். வீடு இன்னும் கிடைக்கவில்லை என்றால் அலுவலக முகவரியைத் தபால் முகவரியாக வைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட், இ-பாஸ் அச்சு, ஆஃபர் கடிதம், கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். காலையில் திறக்கும்போதே போய் நின்றால் மதியத்துக்குள் கார்டோடு வெளியே வரலாம்.

கணக்கு திறந்ததும் கவுன்டரை விட்டு எழுந்திருக்கும் முன் போன் செயலியைத் திறந்து வைத்துவிடுங்கள். இங்கே செயலி ஒரு போனில்தான் பதிவாகும், புதிதாகப் பதிந்த போனில் சில மணி நேரம் பணம் அனுப்ப முடியாது. ஒரு நாளைக்கு அனுப்பும் வரம்பும் குறைவாக வைத்திருப்பார்கள், வீட்டு டெபாசிட் கட்டும் நாளில் பணம் போகாமல் நிற்கும். அதையும் அப்போதே உயர்த்தச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கையோ கார்டையோ யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். "என் கணக்கு முடங்கிவிட்டது தம்பி, உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு நூறு ரிங்கிட்" என்று ஊர்க்காரரே கேட்பார். மோசடிப் பணம் போகும் வழி அதுதான், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரை. நீங்களே ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அது தேசிய மோசடி உதவி மையத்தின் எண்.

6. வீடு

பணம் அதிகம் போகும் இடமும் ஏமாற்று அதிகம் நடக்கும் இடமும் இதுதான். முதலில் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வழக்கம் இரண்டு மாத வாடகை பாதுகாப்பு டெபாசிட், அரை மாத வாடகை கரண்ட் தண்ணீர் டெபாசிட், ஒரு மாத முன்வாடகை. வாடகை 1,800 ரிங்கிட் என்றால் சாவி வாங்கும் நாளில் 6,300 ரிங்கிட் எடுத்து வைக்க வேண்டும். இதற்கு மேல் ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் உண்டு. ஒரு வருஷ ஒப்பந்தம் என்றால் வருட வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், ஒரு வருஷத்துக்கு மேல் மூன்று வருஷம் வரை என்றால் 3 ரிங்கிட். அதே 1,800 வாடகைக்கு ஒரு வருஷத்துக்கு 87, இரண்டு வருஷத்துக்கு 261 ரிங்கிட் வரும். கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை பதிந்தாக வேண்டும். இதை மிச்சம் பிடிக்காதீர்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு டெபாசிட்டுக்காகச் சண்டை போட முடியாது.

எங்கே பார்ப்பது? உங்கள் அலுவலகத்துக்கு எந்த ரயில் போகிறதோ அந்தப் பாதையில் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலை ஒட்டி இருக்கிறது, கோயில், சைவச் சாப்பாடு, மளிகை எல்லாம் காலடியில், அதற்கேற்ற வாடகையும் சத்தமும். செந்தூல் பக்கம் தமிழர்கள் அதிகம், வாடகை கொஞ்சம் இறங்கும். சைபர்ஜெயாவில் வேலை என்றால் நகரத்துக்குள் இருந்து தினமும் போய் வருவது உடம்பைக் கெடுக்கும், பூச்சோங் அல்லது சைபர்ஜெயாவிலேயே பாருங்கள். தனியாக வருகிறவர்கள் முதலில் ஒரு அறை எடுத்துத் தங்குவது நல்லது. விளம்பரங்களில் மாஸ்டர் ரூம், மிடில் ரூம், சிங்கிள் ரூம் என்று இருக்கும், மாஸ்டர் ரூமில்தான் தனிக் குளியலறை.

ஐப்ராப்பர்ட்டி, ப்ராப்பர்ட்டிகுரு, மூடா, இபிலிக் ஆகிய இடங்களில் விளம்பரங்கள் கிடைக்கும். சில விளம்பரங்களில் இந்த இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள், போனில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பாரும் உண்டு. மனசு வலிக்கும், எனக்கும் வலித்தது. அவர்களிடம் வாதாடி நேரத்தை இழக்காமல், முதல் செய்தியிலேயே நீங்கள் யார், எந்த மாதிரி வேலை, எத்தனை பேர் தங்குவீர்கள், வீட்டில் சமைப்பீர்களா என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் மட்டும் பதில் தருவார்கள், வீண் பயணம் குறையும்.

ஏஜென்டிடம் 'ஆர்.இ.என்.' எண் கேளுங்கள். பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் அந்த எண்ணும் அட்டையும் இருக்கும், வீட்டு ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். வாடகைக்கு ஏஜென்ட் கமிஷனை வழக்கமாக வீட்டுக்காரர் தருவார், உங்களிடம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். முன்பணம் ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது, நிறுவனத்தின் கணக்குக்கு அல்லது வீட்டுக்காரர் கணக்குக்குத்தான். வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு ரிங்கிட்கூட அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவார் என்று சொன்னால் அது மோசடி, அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் கட்டாயம் பார்க்கச் சொல்லும் வரிகள் இவை. இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றால் வேலை போனாலோ கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றினாலோ இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறும் 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் டெபாசிட் முழுவதும் போய்விடும். ஏர்கான் சர்வீஸ் யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருக்க வேண்டும். கழிவுநீருக்கான இன்டா வாட்டர் கட்டணம் மாதம் சின்னத் தொகைதான், யார் கட்டுவது என்று எழுதாவிட்டால் வருஷக் கடைசியில் மொத்தமாக உங்கள் தலையில் விழும். கட்டடப் பராமரிப்புக் கட்டணமும் வீட்டு வரியும் வீட்டுக்காரருடையவை.

சாவி வாங்கிய அன்று, பெட்டியை உள்ளே வைக்கும் முன், ஒவ்வொரு அறையையும் நிதானமாக வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், மெத்தைக் கறை, குழாய் ஒழுகல், மின்விசிறி, கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாம். அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட், சுத்தம் செய்யும் கூலி என்று டெபாசிட்டில் பிடிப்பது இங்கே மிகவும் சாதாரணம், அந்த வீடியோ ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும்.

7. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், அடுப்பு

கரண்ட் தெனாகா நேஷனல், தண்ணீர் ஆயர் சிலாங்கூர். முந்தைய குடித்தனக்காரர் பாக்கி வைத்திருக்கிறாரா என்று கடைசி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் நிறுத்தம் அவ்வப்போது வரும், முன்னறிவிப்பும் வரும், இரண்டு பெரிய வாளி எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

இன்டர்நெட்டில் ஒரு பொறி இருக்கிறது: வீட்டு ஃபைபர் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம், உங்கள் வாடகை ஒப்பந்தம் 12 மாதம். நடுவில் விட்டால் அபராதம் கட்ட வேண்டும். வீடு மாறினால் இணைப்பை மாற்றித் தருவார்களா, புதுக் கட்டடத்தில் அந்தக் கம்பெனியின் கேபிள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மிக்ஸி, குக்கர் கொண்டு வரலாம். வோல்டேஜ் ஒன்றுதான், ஆனால் இங்கே சதுரக் கால் மூன்று கொண்ட பிளக், நம் ஊர் உருண்டைக் கால் நுழையாது. மிக்ஸிக்கு அடாப்டர் மாட்டாமல் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிளக்கையே மாற்றிவிடுங்கள், சூடேறிக் கருகுவதைப் பார்த்திருக்கிறேன். 14 கிலோ சிலிண்டர் அரசு விலையில் 26.60 ரிங்கிட், மாடிக்குக் கொண்டுவரும் கூலி தனி. இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் கிடைக்கிறது, அதனால் பெட்டியின் எடையை அரிசியிலும் பருப்பிலும் வீணாக்காதீர்கள்.

8. போய் வருவது

டச் அண்ட் கோ கார்டு ஒன்று வாங்குங்கள், எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நகர ரயில்கள், மோனோரயில், பஸ், கார் பார்க்கிங் எல்லாவற்றுக்கும் அதுதான். ரேபிட் கே.எல். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். மாதம் 50 ரிங்கிட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யும் 'மை50' பாஸைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள், அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். அதை நம்பி மாதச் செலவைக் கணக்குப் போடாதீர்கள், போக வரும் முழுக் கட்டணத்தை வைத்தே வீடு தேடுங்கள். கார் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கி வாருங்கள்.

9. உடம்பு சரியில்லை என்றால்

கம்பெனியில் 'பேனல் கிளினிக்', அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்குகளின் பட்டியல் கொடுப்பார்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும் இரவில் திறந்திருப்பதையும் குறித்து வையுங்கள். லீவுக்கு டாக்டர் தரும் எம்.சி. (மருத்துவச் சான்று) அவசியம். இன்ஷூரன்ஸ் கார்டை வாங்கியதும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எவ்வளவு வரை, குடும்பத்துக்கும் உண்டா, பிரசவத்துக்கு உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வரும்வரை டெபாசிட் கேட்பார்கள், அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. ஒரு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் தொடாமல் இருக்கட்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள், இங்கே டெங்கு வருஷம் முழுக்க இருக்கிறது. அவசர எண் 999.

10. இங்குள்ள தமிழர்களிடம்

கடையில், கோயிலில், கிராப் காரில் தமிழ் கேட்கும். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்து உதவி செய்வார்கள், ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்வார்கள், பழகிவிடும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இவர்கள் பல தலைமுறையாக மலேசியர்கள், இது இவர்களுடைய நாடு. "இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், என்ன சாதி என்று சுற்றி வளைத்துக்கூடக் கேட்காதீர்கள். வீடு, டாக்டர், பள்ளிக்கூடம், நம்பிக்கையான ஏஜென்ட் என்று எனக்குக் கிடைத்த நல்ல தகவல்களில் பெரும்பகுதி இவர்கள் சொல்லிக் கிடைத்தவைதான்.

11. சம்பளமும் வரியும்

வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பார்க்காமல் விடுவது இதைத்தான். மலேசியாவில் ஒரு காலண்டர் வருஷத்தில் 182 நாட்கள் இருந்தால் நீங்கள் வரிக் கணக்கில் குடியிருப்பவர், படிப்படியான விகிதமும் கழிவுகளும் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் குடியிருக்காதவர், முதல் ரிங்கிட்டிலிருந்தே நேராக 30 சதவீதம், கழிவு எதுவும் இல்லை. சம்பளம் 8,000 என்றால் 2,400 வரிக்கே போகும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் இந்த விகிதத்தில் பிடித்துவிட்டுப் பிறகு மாற்றும் கம்பெனிகள் நிறைய. மேலே சொன்ன 6,300 ரிங்கிட் வீட்டுச் செலவும் அதே மாதங்களில் வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே "முதல் மாதங்களில் எந்த விகிதத்தில் வரி பிடிப்பீர்கள், கைக்கு எவ்வளவு வரும்?" என்று எழுத்தில் கேளுங்கள். குடும்பத்தை ஊரில் விட்டு வருகிறவர்கள் குறைந்தது மூன்று மாதத்துக்கான பணத்தோடு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சேரும் தேதியைப் பற்றிப் பேச உங்களுக்கு இடம் இருந்தால் வருஷத்தின் முதல் பாதியிலேயே வந்து சேருங்கள். ஜூலைக்குப் பிறகு வந்தால் அந்த வருஷத்தில் 182 நாள் தேறாது. அடுத்த வருஷத்தில் தொடர்ந்து 182 நாட்களாவது இருந்து, அதனோடு இந்த வருஷத்து நாட்கள் விட்டுப்போகாமல் இணைந்தால் முதல் வருஷத்துக்கும் குடியிருப்பவர் என்ற நிலை கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் டிசம்பர் கடைசியில் கிளம்பி பொங்கல் முடித்து வரும் நீண்ட லீவு அந்த இணைப்பை அறுத்துவிடும். டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் மலேசியாவுக்குள் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள், நடுவில் ஊருக்குப் போனால் 14 நாளைத் தாண்டாதீர்கள், உங்கள் தேதிகளை வைத்து ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். நுழைந்த, வெளியேறிய தேதிகளை ஒரு தாளில் எழுதி, போர்டிங் பாஸ்களோடு வையுங்கள்.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்டாயம். உங்களிடம் 2 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 2 சதவீதம் போடும். சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி முடிவதற்குள் கம்பெனி உங்களுக்கு வருஷச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் 'இ.ஏ. படிவம்' தர வேண்டும். ஹாசில் என்று சொல்லும் வரி வாரியத்தின் இணையப் பக்கத்தில் வரி எண் வாங்கி, மாதச் சம்பளம் மட்டும் உள்ள குடியிருப்பவர் 'பி.இ. படிவத்தை' ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும், இணையத்தில் செய்தால் வழக்கமாக மே 15 வரை விடுவார்கள். அதிகம் பிடித்த வரி இதன் வழியாகத்தான் திரும்ப வரும், தாக்கல் செய்யாவிட்டால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது, நாட்டை விட்டுப் போகும் ஊழியர் என்று கம்பெனி வரி வாரியத்துக்கு 'சி.பி.21' படிவம் கொடுக்கும். வரி பாக்கி இல்லை என்ற கடிதம் வரும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்கும், சட்டப்படி வைத்தாக வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் ராஜினாமா கொடுக்கும் அன்றே எச்.ஆரிடம் அந்தப் படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் பணமும் வீட்டு டெபாசிட்டும் வந்து சேரும்வரை பேங்க் கணக்கையும் மலேசியச் சிம்மையும் மூடாதீர்கள்.